பத்துக்கு எத்தனை என்று கேட்டவர்

அந்தம்மா யாரிடமும் "சரியாயிடும்" என்று சொன்னதில்லை. அழுதுகொண்டு வந்த அம்மாக்களிடமும் சொன்னதில்லை, கும்பிட்டபடி நின்ற அப்பாக்களிடமும் சொன்னதில்லை. "தெரியாது. முயற்சி பண்ணலாம்" என்பார். அத்தோடு சரி. திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் செருப்பு பார்த்துக்கொள்கிறவர் முதல் சாமியார் வரைக்கும் ஆளாளுக்கு ஒரு நல்ல காலம் பிறக்கப்போவதாகச் சொல்வார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு "தெரியாது" என்று சொன்னால் எவன் வருவான்?

டாக்டர் என்றாலும் திருத்துவார். "நான் ஊசி போடற டாக்டர் இல்ல. மருந்து எழுத மாட்டேன். சைக்காலஜிஸ்ட்." மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாளுக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. மனசு டாக்டர் என்று வைத்துக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது எல்லோரும் "போயிட்டு வரேன்" என்போம் இல்லையா? அந்தம்மா "போறேன்" என்பார். வீட்டுக்கார அம்மாள் முதல் தடவை கேட்டபோது பதறிவிட்டார்.

"ஐயய்ய, வரேன்னு சொல்லும்மா. போறேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"இன்னிக்கு திரும்பி வர மாட்டேனே. பெங்களூர் போறேன். வியாழக்கிழமைதான்."

"அப்ப வியாழக்கிழமை வரேன்னு சொல்லு."

அந்தம்மா பெட்டியைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு, "பஸ் கிடைச்சா வியாழக்கிழமை வரேன்" என்றார்.

என் பிழைப்பு அதற்கு நேர் எதிர். பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடுகிறவன் நான். "செஞ்சி, திண்டிவனம், சீட்டு இருக்கு, உடனே எடுக்குது!" இதில் ஊர்ப்பெயரைத் தவிர மற்றதெல்லாம் பொய். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதையே இரண்டு வருடம் படித்ததால் ஆறு என்றும் சொல்லிக்கொள்ளலாம். தொண்டை மட்டும் சாமி கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் என் பெயர் ஸ்பீக்கர். என் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள், அவள் கூப்பிடும்போது அதில் மரியாதை இருக்காது.

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிதில், ஒருநாள் காலையில் அந்தம்மா என் பேச்சை நம்பி ஒரு பஸ்ஸில் ஏறினார். நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, இறங்கி, நேராக என்னிடம் வந்தார்.

"சீட் இருக்குனு சொன்னீங்க, இல்ல. உடனே கிளம்பும்னு சொன்னீங்க, கிளம்பல. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. பதினோரு வருடமாக வகைவகையாகத் திட்டு வாங்கியவன். இவர் திட்டவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"உள்ளதைச் சொன்னா யாரும் ஏற மாட்டாங்க மேடம்."

"ஏறினப்புறம் கோவம் வராதா?"

"வரும். ஆனா அதுக்குள்ள ஏறி உக்காந்துடுவாங்க இல்ல?"

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பச்சை மையில் அதை எழுதிக்கொண்டார். ஏதோ ஆபீசர் போலிருக்கிறது, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு இழுக்கப்போகிறார்கள் என்று அன்று முழுக்க மெதுவாகவே கத்தினேன். டிரைவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். "உங்க குரல் வேணும்" என்றார்.

"வீட்டுல கேளுங்க மேடம். ஆளையே சேர்த்துக் கொடுத்துடுவா."

சிரிக்கவில்லை. "சாயங்காலம் மூணு மணிக்கு வர முடியுமா?" என்றார்.

செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் மாடி அறைகளில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து என் கட்டைவிரல் கனத்துக்கு ஒரு வயர், வயரின் முனையில் ஹெல்மெட் மாதிரி ஒன்று. அதைத் தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் குட்டித் திரை இரண்டு இருக்கும். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். மாட்டியவன் அறையில் இருப்பான், ஆனால் அவன் மனசு படத்துக்குள் போய்விடும். எதையாவது கண்டு பயந்துபோன பிள்ளைகளை, பதினைந்து பதினெட்டு வயதுக்காரர்களை, அந்தப் பயந்த இடத்துக்கே திரும்ப அழைத்துப் போகிற ஆராய்ச்சி.

"பயம் ஏறும். அங்கேயே இருந்தா தானா இறங்கும்" என்று எனக்கு விளக்கினார். "இறங்கறதுக்குள்ள ஓடிட்டா, அடுத்த தடவை இன்னும் ஜாஸ்தியாயிடும்."

நடுநடுவே, மாட்டியிருக்கிறவரிடம் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார். பயமே இல்லை என்றால் பூஜ்யம். தாங்க முடியவில்லை என்றால் பத்து. சொல்கிற எண்ணை நோட்டில் எழுதுவார்.

இந்தக் கேள்வி அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. தண்ணீர் கேன் தூக்கி வருகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினால், "பத்துக்கு எத்தனை?" அவன், "கேனா மேடம்? ஒண்ணுதான் கொண்டாந்தேன்" என்பான்.

ஒருநாள், கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார் ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு மாடியேறி வந்துவிட்டார். நானும் பார்க்கணும் என்று அடம். உயரத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்காக ஒரு மலைப்படம் இருந்தது. அந்தம்மா அதைப் போட்டார். சாமியார் ஹெல்மெட்டோடு அண்ணாந்தார், குனிந்தார், சுற்றினார். கழற்றியபோது கண் கலங்கியிருந்தது.

"இருபது வருஷமா கண்ணை மூடினு உக்காந்தேன். ஒண்ணும் தெரியல. இது கரண்டுலயே தெரியுதே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தம்மா அவரிடம் மிகவும் பொறுப்பாக, "பயமா இருந்துச்சா? பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். சாமியார் நெடுநேரம் யோசித்து, "இறங்கி வர்றப்பதான் பயம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

ஒரு தடவைதான் என்மேல் கோபப்பட்டார். பரீட்சை என்றாலே மயங்கி விழும் ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்திருந்தார். வழக்கம்போல இவர் "தெரியாது, முயற்சி பண்ணலாம்" என்றார். அந்த அம்மாள் படியிறங்கும்போது என்னிடம், "இன்னாங்க இது, வைத்தியம் பாக்கறவங்களே தெரியாதுன்றாங்க?" என்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "அது அவங்க பேசற தினுசும்மா. மூணே வாரம். கேரண்டி."

அந்தம்மா மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாள் தெருமுனை தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்து சொன்னார்.

"நீங்க கொடுத்த கேரண்டியை யாரு காப்பாத்தறது? அந்தப் பையன். மூணு வாரத்துல அவனுக்கு நல்லாகலைனா, தான்தான் உருப்படாதவன்னு நெனப்பான்."

"ஒரு ஆறுதலுக்கு..."

"அந்த ஆறுதல் உங்களுக்கு. அவங்களுக்கு இல்ல."

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் பையனை மந்திரிக்க அழைத்துப் போய்விட்டார். அதற்கு முன்னால் வந்த நாலைந்து பேரும் அப்படித்தான் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பெங்களூரிலிருந்து மெஷினைக் கொடுத்தவர்கள் போன் பண்ணி, ஒருத்தருக்காவது குணமானதா என்று கேட்பார்கள். "இல்ல" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

மிச்சம் இருந்தது ரேவதி.

ரேவதி கீழ்பென்னாத்தூர்ப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, அவள் போன பஸ் ஒரு கரும்பு டிராக்டரில் மோதியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி அங்கேயே போய்விட்டாள். இவளுக்குக் கீறல்கூட இல்லை. மோதுவதற்கு முன்னால் பிரேக் கிறீச்சிட்டதே, அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து பஸ், வேன், ஆட்டோ எதிலும் ஏறமாட்டாள். அவள் அப்பா சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து, வாரத்துக்கு மூன்று நாள், இருபது கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு வருவார். மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டு காத்திருப்பார். திரும்ப இருபது.

என்னை அந்தம்மா கூப்பிட்டதே ரேவதிக்காகத்தான். முதல் நாள் ஹெல்மெட்டை மாட்டி, கம்ப்யூட்டரில் இருந்த பஸ்ஸை ஓட்டிக் காட்டியிருக்கிறார். வெளிநாட்டில் செய்த பஸ்.

"பத்துக்கு எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

"பயமே இல்லையா?"

"இது பஸ்ஸே இல்லையேக்கா. கண்டக்டர் இல்ல, பாட்டு இல்ல, நிக்கறவங்க யாரும் இல்ல. எல்லாரும் செத்துப்போன மாதிரி உக்காந்துனு இருக்காங்க."

ஆக, செத்த பஸ்ஸுக்கு உயிர் கொடுக்க என்னைப் பிடித்தார்கள். வாழ்நாளில் யாரும் என்னிடம் கருத்துக் கேட்டதில்லை. இவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு பஸ்ஸுக்குள்ள என்னென்ன இருக்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் ஒரு பஸ் சீட்டு வாங்கினோம். அதற்கு அடியில் தையல் மெஷின் மோட்டாரைக் கட்டினேன். உட்கார்ந்தால் பல் கிடுகிடுக்கும். டேபிள் ஃபேனுக்கு முன்னால் டீசல் துணி. கொஞ்சம் மல்லிகைப்பூ. எலுமிச்சம்பழம் ஒன்று, பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் மோந்து பார்ப்பதற்கு. நான் சீட்டுக்குப் பின்னால் நின்று விசிலடிப்பேன், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கத்துவேன், சில்லறை இல்லை என்று சண்டை போடுவேன். இரண்டு குரலும் நானே. கீழ்வீட்டுக்காரர்கள் ஒருமுறை விலக்கிவிட வந்தார்கள்.

அந்த முறை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ரேவதி சொன்ன எண் ஒன்பது. அந்தம்மா எழுதிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு பெண்ணை அவ்வளவு பயமுறுத்தியதற்குப் பாராட்டு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவளுக்குத் திருவண்ணாமலைக் காலேஜிலேயே கணக்கு எடுத்துப் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஜூன் மாதம் திறப்பு. தூக்கத்தில் அலறுகிற பெண்ணை ஹாஸ்டலில் விட வீட்டில் மனசு வரவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். அப்பாவால் தினமும் மிதிக்க முடியாது.

"அதாங்க மேடம்" என்றார் அவர் ஒருநாள், படியில் உட்கார்ந்தபடி. "பஸ்ஸே ஏற வேணாம்ற மாதிரி ஒரு எடம் வெச்சிருக்கோம். எங்க தெருவுதான். நாலு வீடு தள்ளி. என் அக்கா பையன். ஜூனுக்குள்ள பாப்பா பஸ்ஸு ஏறிட்டா காலேஜி. இல்லனா கல்யாணம்."

"ரேவதி என்ன சொல்றா?"

"அது காலேஜிதான் சொல்லுது. பயமா இருக்குதே, இன்னா பண்றது? நாலு வீடுன்னா நடந்தே போயிடும். பாப்பா நல்லாயிடுங்களா?"

"தெரியாதுங்க."

அந்த மனுஷர் மட்டும்தான் அந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்காதவர். "சரிங்க மேடம்" என்றார்.

பிரேக் சத்தத்தை அந்தம்மா கடைசிப் படியாக வைத்திருந்தார். தெரிந்த டிரைவர் ஒருவரைக் கெஞ்சி, காலி பஸ்ஸை வேகமாக ஓட்டி பிரேக்கை அழுத்தச் சொல்லி, டேப் ரெக்கார்டரில் பிடித்து வந்தேன். "எதுக்குடா ஸ்பீக்கரு?" என்றார் அவர். ஆராய்ச்சிக்கு என்றேன். "யாரு, நீயா?" என்று பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

முதல் தடவை அதைப் போட்டபோது ரேவதி ஹெல்மெட்டைப் பிய்த்து எறிந்தாள். சுவர் மூலையில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து என்றுகூடச் சொல்லவில்லை, கையை விரித்துக் காட்டினாள். அந்தம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதே என்று எதுவும் சொல்லவில்லை. "ரொம்ப பயமா இருந்துச்சு. நான் பார்த்தேன். இங்கதான் இருக்கேன்" என்றார். நான் டேப்பை அணைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று கீழே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ரேவதி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அது எப்ப வரும்னு மட்டும் ஒரு சைகை காட்டுங்கண்ணா. தெரிஞ்சுட்டா தாங்கிப்பேன்."

"மேடம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களேம்மா."

சொல்லித்தான் இருந்தார். வெளியில் யாரும் சொல்லிவிட்டு பிரேக் போட மாட்டார்கள், சொல்லாமல் வருவதைத் தாங்கினால்தான் பயம் இறங்கும் என்று.

"ஜூனுக்கு ஆறு வாரம்தான் இருக்குண்ணா" என்றாள். முகத்தில் தண்ணீர் வழிந்தது. குழாய்த் தண்ணீரா என்னவோ.

அடுத்த தடவையிலிருந்து, பட்டனை அழுத்துவதற்கு முன்னால், சீட்டின் காலில் என் கால் கட்டைவிரலால் இரண்டு தட்டு தட்டினேன். மோட்டார் சத்தத்தில் அந்தம்மாவுக்குக் கேட்காது. ரேவதி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சத்தம் வரும், போகும்.

எண்கள் இறங்க ஆரம்பித்தன. எட்டு. ஏழு. அஞ்சு என்று சொன்ன அன்று அந்தம்மா சிரித்தார். சிரிப்பு வரும் முகம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று வந்த அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார். ரேவதியின் அப்பா வரும்போதெல்லாம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கால் கட்டைவிரலால் வைத்தியம் பார்க்கும் முதல் ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஜ்ஜி சாப்பிடும்போது தைரியமாகக் கேட்டேன். "உங்களுக்குப் பத்துக்கு எத்தனை மேடம்?"

"எட்டு."

"இறங்கினுதானே வருது? இன்னும் இன்னா பயம்?"

"எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு. ஆசை வந்துட்டா எனக்குக் கண்ணு சரியா தெரியாது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் பஜ்ஜி இருந்தது.

இரண்டு என்று சொன்ன வாரம், நிஜ பஸ்ஸில் ஏற நாள் குறித்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலாவது ஸ்டாப் வரைக்கும்தான். ஜன்னலோரம் ரேவதி, பக்கத்தில் அந்தம்மா, பின்சீட்டில் நான். அப்பா சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்றார். பஸ்ஸில் வாங்க என்றால் கேட்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டுங்க மேடம்."

"பிரேக் போடுவாங்க. எப்பனு எனக்குத் தெரியாது" என்று அந்தம்மா ரேவதியிடம் சொன்னார். ரேவதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஆட்டிவிட்டேனே தவிர, வண்டி நகர்ந்ததும்தான் புரிந்தது. இங்கே பட்டன் என் கையில் இல்லை. எழுந்து நின்று, கண்டக்டர் திட்டத் திட்ட, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தேன். மாடு தெரிந்தால் தட்டினேன். ஸ்கூட்டர் குறுக்கே வந்தால் தட்டினேன். நான் தட்டிய இடத்தில் எல்லாம் டிரைவர் போடவில்லை. ரேவதி ஒவ்வொரு தட்டுக்கும் இறுகி, ஒன்றும் வராமல், இன்னும் இறுகிப்போனாள். மூன்றாவது ஸ்டாப் தாண்டியதும் ஒரு நாய். நான் பார்க்கவில்லை. டிரைவர் பார்த்தார்.

அவள் கத்தவில்லை. அந்தம்மாவின் மடியைத் தாண்டி, நின்றவர்களை இடித்துக்கொண்டு ஓடி, வண்டி முழுசாக நிற்பதற்குள் படியிலிருந்து குதித்துவிட்டாள். நாங்கள் இறங்கி ஓடியபோது ரோட்டோரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கை உடைந்திருந்தது. அந்தம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ ஒன்றை நிறுத்தினேன். அதைப் பார்த்ததும் அவள் அலறிய அலறலில் ஆட்டோக்காரனே பயந்து போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. துண்டால் கையைக் கட்டித் தொங்கவிட்டு, "வாம்மா, சைக்கிள்ல ஏறு" என்றார். உடைந்த கையோடு அவளை ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. அந்தம்மா தினமும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டைத் தான் மாட்டிக்கொண்டு, என்னை பிரேக் போடச் சொல்லிக் கேட்பார். "எங்க தப்பு பண்ணேன்? ரெண்டுக்கு வந்துட்டு இப்படி ஆகாதே." நான் பட்டனை அழுத்துவேன். ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. கல்யாணமும் முடிந்தது. காலேஜ் திறந்தது. பெங்களூரிலிருந்து மெஷினைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வயரைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். கட்டைவிரல், இரண்டு தட்டு, எல்லாம்.

அந்தம்மா வயரைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை?"

"மொத தடவைக்கப்புறம் எல்லாத் தடவையும் மேடம்."

"நீங்களா பண்ணீங்களா, அவ கேட்டாளா?"

"அவதான் கேட்டா."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்க இல்லனு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றார். "சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை. நோட்டை எடுத்து, முதல் தடவைக்கு அப்புறம் எழுதிய பக்கங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, "ரேவதிகிட்ட சொல்லணும். தப்பு நாம பண்ணது, அவ மேல இல்லனு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் கீழ்பென்னாத்தூர் போனோம். ரேவதி அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் பளிச்சென்று இருந்தது. கை கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. அப்பா வயலுக்குப் போயிருந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தம்மா எல்லாவற்றையும் சொன்னார். சைகை தெரிந்து தாங்கியது தாங்கியதாகாது, அதை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை, உன்னை பஸ்ஸில் ஏற்றியது என் தப்பு என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாவை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா" என்றாள் ரேவதி. "அவரு தட்டினதால எதுவும் ஆகல. நம்பரே பொய்தான்."

"எந்த நம்பர்?"

"எல்லாமே. தட்டினாலும் தட்டலைனாலும் பத்துதான்க்கா. ஒருநாள்கூட எறங்கல."

"அப்ப ஏன் அஞ்சு, மூணுனு சொன்னே?"

"அஞ்சுனு சொன்ன அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க. அப்பா பாட்டு பாடினு வந்தாரு. அப்புறம் எப்படிக்கா ஏத்திச் சொல்றது? சொல்லிட்டு இருந்தா நெஜமாவே எறங்கிடும்னு நெனச்சேன்."

தெருவில் யாரோ வேர்க்கடலைச் செடியைக் கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை ஆரம்பிக்கலாம்" என்றார் அந்தம்மா. "மெஷின் இல்லாம. நான் வாரம் ஒரு தடவை இங்க வரேன்."

"ஆரம்பிச்சா நல்லாயிடுவேனா?"

அந்தம்மா அவளைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். நான் பத்து சொல்லியிருப்பேன்.

"தெரியாதும்மா."

"அப்ப வேணாங்கக்கா" என்றாள், கோபமே இல்லாமல். "இங்க எதுக்கும் பஸ்ஸு தேவைப்படல."

வெளியிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். ரேவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே போனாள். நாங்களும் எழுந்து வாசலுக்கு வந்தோம். அவள் ரோட்டின் ஓரமாக, சுவரை ஒட்டினாற்போல் நடந்தாள். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு ஆடு கட்டியிருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் ஏதோ கேட்க, நிற்காமலே பதில் சொன்னாள். நாலாவது வீட்டில் குனிந்து உள்ளே போனாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.